படத்தில் மணி என்ன?

அரசுப் பள்ளியில் தேர்வு நெருங்கினால் முதலில் காணாமல் போவது ஓவியப் பாடவேளை. கணக்கில் பாடம் முடியவில்லை, அறிவியலில் இரண்டு அலகு பாக்கி என்று வந்து கேட்பார்கள், கொடுத்துவிட வேண்டியதுதான். மிஞ்சிய வேளைகளில் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து, பிடித்ததை வரையுங்கள் என்றால் எல்லோரும் ஒரே படத்தை வரைவார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை, வளைந்து ஓடும் ஆறு. எங்கள் ஊரான ஒரகடத்தைச் சுற்றி ஏரிகள் இருக்கின்றன; ஏரியை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. அந்த ஓட்டு வீட்டுக்கு ஒரு கதவும் இரண்டு சன்னலும் இருக்கும். உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள்.

அந்த வீட்டுக்குள் ஆட்களைக் கொண்டுவருவதில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போனது.

நாங்கள் படித்து வந்த வழி வேறு. ஓவிய ஆசிரியராக வேண்டுமானால் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்டும் மாடல் டிராயிங்கும் லோயர், ஹையர் இரண்டும் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு டிடிசி என்ற ஆசிரியர் பயிற்சி. மாடல் டிராயிங்குக்கு மேசை மேல் ஒரு வாளி, ஒரு செங்கல், ஒரு சொம்பு வைப்பார்கள். வாளியின் வாய் நீள்வட்டமாக வர வேண்டும், விளிம்பின் தடிப்பு தெரிய வேண்டும், நிழல் ஒரே பக்கம் விழ வேண்டும். கண்ணும் கையும் பழகியது அங்கேதான். அந்தப் பயிற்சியை இன்றைக்கும் உயர்வாக மதிக்கிறேன். ஆனால் அந்தச் சொம்பில் தண்ணீர் இருக்கிறதா, யாராவது குடித்துவிட்டு வைத்ததா, அதைத் தேய்த்தது யார் என்று எந்தத் தேர்வாளரும் கேட்டதில்லை. அடுப்படிச் சாமான் வீட்டை விட்டு வந்து, வெறும் வடிவமாக மேசையில் உட்கார்ந்திருக்கும்.

படம் பார்க்கச் சொல்லித்தரப் பாடப்புத்தகம் கிடையாது. பழைய காலண்டர், தீபாவளி மலர், வார இதழ்களில் வந்த வண்ணப் பக்கம் இவற்றை வெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருப்பேன். படத்தைக் காட்டி நல்லா இருக்கா என்று கேட்டால் “நல்லாருக்கு சார்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என்ன தெரிகிறது என்று கேட்டால் ஒரு அம்மா, ஒரு பானை, ஒரு சன்னல் என்று சாமான் பட்டியல் வரும். அதனால் நான் முதலில் கேட்பது, “இந்தப் படத்துல மணி என்ன?”

இந்தக் கேள்விக்குச் சும்மா பதில் சொல்ல முடியாது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் உள்ளே விழுகிறது என்று தேட வேண்டும். அடுப்பு எரிகிறதா, தலை ஈரமாக இருக்கிறதா, பூ புதிதா வாடியதா என்று கண் ஓடும். அடுத்த கேள்வி கையைப் பற்றி. வீட்டுக்குள் நடப்பதை வரைந்த படங்களில் நான் முகத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முகத்தை ஓவியர் தம் இஷ்டத்துக்கு அழகுபடுத்திக்கொள்ளலாம். கையில் அது முடியாது. விரல் பிடிக்கிற இடத்தில் பிடிக்காவிட்டால் குடம் நழுவிவிடும், பார்க்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். மூன்றாவதாக, எந்த வேலை பாதியில் நிற்கிறது என்று கேட்பேன்.

ராஜா ரவிவர்மா 1893இல் வரைந்த ‘அதோ அப்பா வருகிறார்’ என்ற ஓவியத்தின் அச்சுப்பிரதி ஒன்று என்னிடம் இருந்தது. கரை போட்ட வெள்ளை ஆடையில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, காலடியில் நாய். அவள் ஒரு பக்கமாகக் கை நீட்டிக் காட்டுகிறாள். அப்பா படத்தில் இல்லை. சட்டத்துக்கு வெளியே எங்கேயோ வந்துகொண்டிருக்கிறார். தம் மகள் மகாபிரபாவையும் பேரக் குழந்தையையும் பார்த்து ரவிவர்மா வரைந்தது இது. அந்நாளைய கேரளத்து மருமக்கள்தாய வீடுகளில் பிள்ளைகள் வளர்வது தாய்வீட்டில், தாய்மாமன் பொறுப்பில். அப்பா என்பவர் வந்து போகிறவர். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு தாய் அப்பாவைக் காட்டிக் குழந்தைக்குக் குதூகலம் ஊட்டுகிறாள் என்றால், குடும்பம் என்பதே மாறிக்கொண்டிருந்த காலத்தை அந்தப் படம் பிடித்துவைத்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இதையெல்லாம் நான் முதலிலேயே சொல்வதில்லை. “அப்பா எங்கேர்ந்து வர்றாரு?” என்று மட்டும் கேட்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கு வந்த பதில், கழனியிலிருந்து வருகிறார் என்பதுதான். மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வருகிறார், காஞ்சிபுரம் போய்விட்டு வருகிறார் என்பார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் வெளிவரத் தொடங்கிய பிறகு பதிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. 2010இல் ஒரகடத்திலேயே ரெனோ நிசான் ஆலை வந்தது, 2012இல் டெய்ம்லர் லாரி, அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு. வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில் சாலையும் குறுக்கிடுகிற எங்கள் கூட்ரோட்டில், விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும். பிள்ளைகள் சொன்னார்கள்: “கம்பெனி பஸ்லேர்ந்து இறங்கி வர்றாரு சார்.”

அப்படியானால் மணி என்ன என்றேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “காலைல ஏழு சார். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றாரு” என்றாள். சரி, அம்மா ஏன் கை காட்டுகிறாள்? அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. “பாப்பாவைச் சத்தம் போடாதேன்னு சொல்றாங்க சார். அப்பா வந்து தூங்கணும்ல.”

ரவிவர்மா வரைந்த படத்தில் அந்தப் பொருள் கிடையாது. ஆனால் அவள் அந்தக் கையைச் சரியாகத்தான் பார்த்திருந்தாள். கை நீட்டியிருக்கிறது; அது அழைப்பா, எச்சரிக்கையா என்பதைக் கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மகிழ்ச்சி என்று நமக்குச் சொல்வது படத்தின் தலைப்பு. தலைப்பை எடுத்துவிட்டுப் படத்தைக் காட்டும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு எந்தப் படத்தின் பெயரையும் வகுப்பு முடிகிற நேரத்தில்தான் சொல்வேன்.

பிள்ளைகள் எதை வைத்துப் படம் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது டச்சுக்காரர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ படத்தைக் காட்டியபோது. 1660ஐ ஒட்டி வரைந்த படம். உயரம் 45 சென்டிமீட்டர்தான், ஒரு காலண்டர் அட்டை அளவுகூட வராது. ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் கலைப் புத்தகத்தில் தபால்தலை மாதிரி அச்சாகியிருப்பதைத்தான் காட்ட முடியும். பிறகு அந்த மியூசியம் தன் படங்களைப் பெரிய அளவில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டது. பள்ளிக்குப் புரொஜெக்டர் வந்திருந்தது. சுவர் அளவுக்குப் படம் விழுந்தது. என் தொழிலில் வந்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இரண்டு விரலால் படத்தை விரித்து விரித்து, ஓவியர் தூரிகை வைத்த இடம் வரைக்கும் ஓர் எட்டாம் வகுப்புப் பிள்ளை போகலாம். சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் படித்த என் நண்பர்களுக்கே அந்தக் காலத்தில் அது கிடைத்ததில்லை.

பையன்கள் முதலில் கண்டுபிடித்தது ஆணி. அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே, வெள்ளைச் சுவரில், ஒன்றும் மாட்டாத ஓர் ஆணி இருக்கும். அதற்குச் சின்னதாக நிழலும் இருக்கும். பக்கத்திலேயே ஆணி பிடுங்கிய ஓட்டைகள், காரை பெயர்ந்த தடம், சன்னலில் உடைந்த ஒரு கண்ணாடித் துண்டு. ஏன் இதையெல்லாம் வரைந்தார் என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “சொந்த வீடு சார்” என்றான். எப்படித் தெரியும்? “வாடகை வீட்ல ஆணி அடிக்க விடமாட்டாங்க சார்.”

வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஆமாம் ஆமாம் என்றார்கள். வல்லம், மாத்தூர், பண்ருட்டிப் பக்கமெல்லாம் நிலத்துக்காரர்கள் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகள். ஓர் அறை, பின்னால் சமையலுக்கு ஒரு தடுப்பு. சாமி படம், புத்தகப் பை, சட்டை எல்லாம் கொடிக்கயிற்றிலோ கதவுக்குப் பின்னாலோ தொங்கும். ஆணி அடித்தால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பையனின் அப்பா அம்மா விழுப்புரம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். படத்தில் இருப்பவள் வேலைக்காரப் பெண், அது அவள் எஜமானர் வீடு என்று பிறகு சொன்னேன். “அப்ப ஆணி அடிச்சது ஓனரு” என்று முடித்துக்கொண்டான்.

அதே வகுப்பில் இன்னொன்றும் நடந்தது. கூட்ரோட்டில் டீக்கடை வைத்திருப்பவரின் மகள் அந்தப் பால் விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் மாதிரி மெல்லிசாக விழுகிறது பால். “டீக்கடைல இப்படி ஊத்தமாட்டாங்க சார். இது அளந்து ஊத்துறது. உள்ள என்னமோ இருக்கு, அது பதமா நனையணும்” என்றாள். மேசை மேல் ரொட்டித் துண்டுகள் சிதறிக் கிடப்பதை அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் பார்த்தார்கள். காய்ந்துபோன ரொட்டியை வீணாக்காமல் பாலில் ஊறவைத்து ஒரு பண்டம் செய்கிறாள் என்பதுதான் அறிஞர்கள் பலரும் சொல்லும் விளக்கம். டீக்கடைக்காரர் மகள் அந்த அறிஞர்கள் எழுதிய எதையும் படித்தவள் இல்லை. விடியற்காலையில் கடையில் பால் காய்ச்சுகிறவள்.

பெண்பிள்ளைகள் அடுத்ததாகப் பிடித்தது முன்கையை. மடித்துவிட்ட கைக்குக் கீழே தோல் சிவந்து தடித்திருக்கிறது, மேலே வெளுத்திருக்கிறது. தினமும் இப்படி மடித்துவிட்டு வேலை செய்கிறவள் என்பது அந்த நிறத்தில் இருக்கிறது. ஓவியர் வேலைக்காரிக்கு எந்த மரியாதையும் தனியாகச் சேர்க்கவில்லை. அவள் தோலை உள்ளபடி வரைந்தார்; அவள் இடுப்புத் துணிக்கு, ஆப்கானிஸ்தானத்துக் கல்லை அரைத்து எடுத்த விலை உயர்ந்த நீலத்தைக் கொடுத்தார்.

2022இல் அந்த மியூசியம் ஒரு செய்தி வெளியிட்டது. படத்தின் அடியில் நவீனக் கருவிகளால் பார்த்தபோது, அவள் தலைக்குப் பின்னால் ஜாடிகள் மாட்டும் ஒரு பலகையும் கீழே ஒரு கூடையும் முதலில் வரைந்து, பிறகு வெள்ளைச் சுவராக ஓவியரே பூசி மறைத்திருப்பது தெரிந்தது. நான் அதைப் படித்ததும் நினைத்துக்கொண்டேன்: சாமான்களையெல்லாம் எடுத்தவர் அந்த ஒற்றை ஆணியை விட்டுவைத்திருக்கிறார். என்ன வரைவது என்பதைவிட எதை எடுத்துவிடுவது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது கடினம். இந்தச் செய்தி எனக்கு அதில் பெரிதும் உதவியது.

நம் ஊரில் இப்படி வீட்டின் உள்ளே போய் வரைந்தவர் என்றால் எஸ். இளையராஜாதான் உடனே நினைவுக்கு வருகிறார். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். கதவோரம், சன்னலோரம், அடுப்படியில் இருக்கிற நம் ஊர்ப் பெண்களை, கண்ணாடியில் பார்ப்பது போன்ற துல்லியத்தோடு எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். விகடனில் வந்த அவர் படங்களை வெட்டி வைத்துக்கொள்ளாத ஓவிய ஆசிரியர் எனக்குத் தெரிந்து இல்லை. காலண்டரில் வருகிற பெண்கள் எல்லோரும் ரோஸ் நிறத்தில் இருந்த நாட்டில் அவர் கறுப்புத் தோலை வரைந்தார். கறுப்பு என்றால் கருமை மட்டும் இல்லை, அதில் சிவப்பும் நீலமும் ஊதாவும் உண்டு, வெளிச்சம் பட்டால் தேன் நிறம் வரும் என்பதை நான் வாயால் சொன்னபோது நம்பாத பிள்ளைகள், அவர் படத்தைப் பார்த்து நம்பினார்கள். “எங்க சித்தி மாதிரி இருக்காங்க” என்று ஒருத்தி சொன்னாள். வெர்மீரைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லவில்லை. 2021 ஜூனில் கொரோனாவுக்கு அவரைப் பறிகொடுத்தோம். நாற்பத்து மூன்றைத் தாண்டாத வயது. இன்னும் எவ்வளவோ வரைந்திருப்பார் என்ற ஆற்றாமை எனக்கு இன்றுவரை போகவில்லை.

அவர் படங்களையும் மணி கேட்டுத்தான் பார்த்தோம். பக்கவாட்டில் வரும் அந்த வெளிச்சம் பெரும்பாலும் காலையோ மாலையோ. கண்ணுக்கு அது சுகம். அப்போது ஒரு பிள்ளை கேட்ட கேள்வி முக்கியமானது. “சார், இதுல பிளாஸ்டிக் குடமே இல்லையே?” நானும் என்னிடம் இருந்த பிரதிகளைப் புரட்டிப் பார்த்தேன். பித்தளை, மண், மரம், ஓலை. மிக்ஸி இல்லை, கேஸ் சிலிண்டர் இல்லை. அவர் வரைந்தது அவர் கண்முன்னே மறைந்துகொண்டிருந்த வீடு; அதைக் காப்பாற்றி வைக்க வரைந்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரகடத்துப் பிள்ளைக்கு வீடு என்றால் வரிசையில் நிற்கிற பச்சை, நீல பிளாஸ்டிக் குடங்கள். அதை அழகில்லை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பிளாஸ்டிக்குக்குள் வெளிச்சம் புகுந்து மறுபக்கம் தண்ணீர் மட்டம் தெரிகிறதே, அது வரைவதற்குப் பித்தளையைவிடச் சிரமமானது. அடுத்த வாரம் மாடல் டிராயிங்குக்கு மேசை மேல் பிளாஸ்டிக் குடத்தை வைத்தேன், பாதித் தண்ணீரோடு.

அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் தங்கள் வீட்டு உட்புறத்தை வரைய ஆரம்பித்தார்கள். மலையும் சூரியனும் போன இடத்தில் என்னென்னவோ வந்தன. வாசற்படியில் அப்பாவின் சேஃப்டி ஷூ, அதில் கயிறு அவிழ்ந்து கிடக்கும். கதவுக்குப் பின்னால் கழுத்துப் பட்டையோடு தொங்கும் ஐடி கார்டு. பகலில் தூங்குகிறவருக்காக சன்னலில் கட்டிய போர்வை. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் அக்கா, கண்ணாடி முன்னால் தலைமுடியைத் தொப்பிக்குள் அடக்கிப் பார்க்கிற படம் ஒன்று வந்தது. ரவிவர்மா 1873இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது, நாயர் பெண் ஒருத்தி தலைக்குப் பூ வைத்துக்கொள்கிற படத்துக்குத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வகுப்புச் சுவரில் வைத்தேன். ஒரு முடி வெளியே தெரிந்தாலும் உள்ளே விடமாட்டார்கள் என்று அந்தப் பிள்ளை விளக்கியபோது வகுப்பு முழுக்கக் கவனித்துக் கேட்டது.

பிள்ளைகளிடம் இவ்வளவு இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே என்பதுதான் என் கவலை. 2012இல் மாநிலம் முழுக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் வந்தார்கள், மாதம் 5,000 ரூபாயில், வாரத்துக்கு மூன்று அரைநாள். ஓவியமும் உடற்கல்வியும் கணினியும் தையலும் அவர்கள் தலையில்தான். என்னோடு பழகிய இளைஞர்களில் என்னைவிட நன்றாக வரையத் தெரிந்தவர்கள் உண்டு. அரைநாளில் ஐந்து வகுப்பு பார்த்துவிட்டு, மீதி நேரத்தில் பேனரும் கல்யாண மேடையும் எழுதப் போகிறவரிடம், ஒரு படத்தின் முன்னால் ஒரு மணி நேரம் பிள்ளைகளை உட்காரவை என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் சிலர் செய்கிறார்கள். அவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் ஒன்பதாம் வகுப்புப் பையன் வரைந்த படத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவன் வீட்டுக்கு அடுத்த போர்ஷனில் ஒடிசாவிலிருந்து வந்த காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் தங்கியிருந்தார்கள். திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்ததை வரைந்திருந்தான். தரையில் செய்தித்தாள் விரித்து ஒருவர் வெங்காயம் அரிகிறார். இன்னொருவர் சுவரோரம் சுருண்டு தூங்குகிறார். மூன்றாமவர் குக்கர் முன்னால் குந்தியிருக்கிறார், காதில் செல்போன். படத்தில் ஒரு பெண்கூட இல்லை. வீட்டுப் படம் என்றாலே பெண் என்று இத்தனை நூற்றாண்டாக உலகம் வரைந்து வந்திருக்க, எங்கள் ஊரில் ஒரு பையன் தன்னையறியாமல் ஆண்களின் அடுப்படியை வரைந்துவிட்டான்.

மணி என்ன என்று வகுப்பைக் கேட்டேன். இந்த முறை திணறினார்கள். சன்னல் இல்லாத அறை. டியூப்லைட் வெளிச்சம் எல்லா நேரமும் ஒன்றுதான். ராத்திரி என்றார்கள் சிலர், சமைக்கிறார்களே. இல்லை, பகல் என்றாள் ஒருத்தி. தூங்குகிறவர் யூனிஃபார்ம் சட்டையோடேயே தூங்குகிறார், நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர். வெங்காயம் அரிகிறவர் பக்கத்தில் டிஃபன் பாக்ஸ் திறந்து காலியாக இருக்கிறது. அவர் இனிமேல்தான் வேலைக்குப் போகிறார், செகண்ட் ஷிஃப்ட். அப்படியானால் பதினொன்றரை, பன்னிரண்டு. வரைந்தவனைப் பார்த்தோம். “பதினொண்ணேமுக்கால் சார், அன்னிக்கு எனக்கு அரைப்பரீட்சை, சீக்கிரம் வந்துட்டேன்” என்றான்.

நான் அவனுக்குச் சொன்ன திருத்தம் ஒன்றுதான். டியூப்லைட் நீளமானது, அதனால் குக்கரின் நிழல் இவ்வளவு கூர்மையாக விழாது. ஓரத்தை விரலால் தேய்த்து மங்கலாக்கு என்றேன். வெங்காயம் பிடித்திருந்த கையில் நான் பென்சில் வைக்கவில்லை. அது சரியாக இருந்தது.